ஒரே கார்டில் அறுநூறு பேர்

போன வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு ஒரு கேக் கொண்டு போனேன். பெரிய கேக். மேலே ஸ்ட்ராபெரி, கீழே கிரீம், நடுவில் என்னுடைய கர்வம்.

எங்கள் ஆபீஸில் கேக்குக்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. முதலாவது, கம்ப்யூட்டரைப் பூட்டாமல் கோப்பி எடுக்கப் போய்விடுவது. திரும்பி வருவதற்குள் பக்கத்து மேசைக்காரர் உங்கள் பெயரிலேயே, 'நாளைக்கு எல்லோருக்கும் என் செலவில் கேக்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருப்பார். அது தண்டனை. பாதுகாப்பில் கவனக்குறைவு என்றால் இந்த ஊரில் கத்த மாட்டார்கள், கேக் கேட்பார்கள். இரண்டாவது காரணம், நீங்கள் உருப்படியாக ஏதோ செய்து முடித்திருக்கிறீர்கள்.

நான் கொண்டு போனது இரண்டாவது வகைக் கேக். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

'ஒஸ்லோவில் நீ அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்?' என்று அடிக்கடி கேட்டு எழுதும் வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு வெப்சைட்டையோ ஆப்பையோ நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது என் வேலை. லோட் டெஸ்டிங் என்பார்கள். இதற்காக நிஜ மனிதர்களைக் கூப்பிட முடியாது. ஆகவே கம்ப்யூட்டருக்குள் போலி ஆட்களை உருவாக்கி, எல்லோரையும் ஒன்றாக வாசலில் கொண்டு போய் நெரிக்க விடுவேன். போலிக் கூட்டம் கூட்டுவதற்கு மாதச் சம்பளம்! அரசியலைத் தவிர வேறு எந்தத் தொழிலில் இது கிடைக்கும்?

இந்த முறை நான் சோதித்தது வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் தாதியருக்கான புதிய ஆப். காலையில் முதலில் யார் வீடு, யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு இன்சுலின் — எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய ஆப்பை மூடிவிட்டு, திங்கட்கிழமை காலை புதியதைத் திறப்பதாக முடிவு. ஏழரை மணிக்கு நகரம் முழுவதும் அறுநூறு தாதியர் அதைத் திறப்பார்கள்.

அந்த அறுநூறு பேரில் ஒருவர் வசந்தி. என் மனைவி.

நோயாளிகளின் விவரமெல்லாம் கண்டவர்களும் பார்க்கக் கூடியதா? அதனால் பாஸ்வேர்ட் மட்டும் போதாது என்று, ஒவ்வொரு டேப்லெட்டுக்குள்ளும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஃபைல்தான். டேப்லெட் போய்க் கதவைத் தட்டினால் செர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டும். பிறகு, 'உன்னுடையதைக் காட்டு' என்று கேட்கும். காட்டினால் கதவு திறக்கும், இல்லையென்றால் இல்லை. மரியாதையான ஏற்பாடு.

அப்படியென்றால் என் போலித் தாதியருக்கும் சான்றிதழ் வேண்டும் அல்லவா? அதைத் தருபவர் கார்த்திக். கோயம்புத்தூர்ப் பிள்ளை. எங்கள் பாதுகாப்புப் பிரிவில் மூன்று வருடமாக இருக்கிறார். நான் கேட்டதும் ஃபைலை ஒரு வழியிலும் அதன் பாஸ்வேர்டை இன்னொரு வழியிலும் அனுப்பிவைத்தார். அவ்வளவு ஒழுங்கு.

அந்த ஃபைலை என் டெஸ்ட் மென்பொருள் எடுத்துக் காட்டவைப்பதற்கு ஒன்றரை நாள் மல்லுக்கட்டினேன். கதவு திறக்கவே இல்லை. வியாழக்கிழமை மதியம் என் முதல் போலித் தாதி உள்ளே போனபோது, ஆபீஸ் என்றும் பார்க்காமல் கைதட்டிவிட்டேன். அந்த உற்சாகத்தில், ஆட்களின் எண்ணிக்கை ஒன்று என்று இருந்த இடத்தில் அறுநூறு என்று போட்டு பட்டனை அமுக்கினேன்.

அறுநூறு பேரும் அரைச் செக்கன்டில் உள்ளே! கிராஃப் பச்சைப் பசேலென்று படுத்துக் கிடந்தது. 'தாராளமாகத் தாங்கும்' என்று எங்கள் தலைவி மாரித்துக்கு அறிக்கை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கேக். எல்லோரும் சாப்பிட்டார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாயில் கிரீம் இருக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

அன்று மாலை வீட்டில் கேள்வி வந்தது.

"திங்கட்கிழமை புது ஆப்பாம். அது உண்மையா வேலை செய்யுமோ?" என்றாள் வசந்தி.

"ஏன் கேக்கிறீர்?"

"பழசு காலமை ஏழரைக்குத் திரையிலை வட்டம் சுத்தத் தொடங்கினால் எட்டு மட்டும் சுத்தும். என்ரை முதல் ஆள் ஒரு எண்பத்தெட்டு வயசு மனுசி. இன்சுலின் போட்டாப் பிறகுதான் அவ சாப்பிடலாம். பாணை வெட்டித் தட்டிலை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்துக்கொண்டிருப்பா. எத்தினை யூனிட் எண்டு நெட்பிரெட் சொன்னால்தானே நான் போடலாம்? அது சுத்தும், அவ பாணைப் பாப்பா, நான் அவவின்ரை முகத்தைப் பாப்பன்."

பாண் என்றால் பிரெட். நெட்பிரெட் என்றால் டேப்லெட். வேலைச் சாமான்களுக்கு எங்கள் வீட்டில் நோர்வேஜியப் பெயர்தான்.

"பயப்பிடாதையும். அரைச் செக்கன்டிலை திறக்கும். நான்தான் டெஸ்ட் பண்ணினனான்."

"நீங்களோ?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் பத்தொன்பது வருட இல்லற வாழ்க்கை முழுவதும் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு ஹோலில், அதாவது மண்டபத்தில், கல்யாணம். இந்த நாட்டில் ஹோலுக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று தீயணைப்புச் சட்டம் இருக்கிறது. அதனால் வாசலில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் பட்டியலும் பேனாவுமாக நின்றார். வருபவர்கள் அழைப்பிதழைக் காட்ட வேண்டும். நோர்வேக்காரர்கள் செய்வது போல் நாமும் ஒழுங்காகச் செய்வோம் என்ற நல்ல எண்ணம்.

ஆனால் நம் அழைப்பிதழில் என்ன எழுதுவோம்? 'திரு, திருமதி இன்னார் குடும்பத்தினர்.' இந்தக் குடும்பத்தினர் என்பதற்கு உலகத்தில் எந்தச் சட்டத்தாலும் உச்சவரம்பு போட முடியாது.

எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தங்கை, தங்கையின் கணவர், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சான், மச்சானின் மாமியார். பதினொரு பேர். ஒரு கார்ட்.

வாசலில் நின்றவர் கார்டை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். பெயரைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. "ஓ, நீங்கள் மாப்பிள்ளையின்ரை பெரியப்பாவின்ரை பக்கமோ! வாங்கோ வாங்கோ!" என்றார். முதல் ஆளுக்குத்தான் அத்தனை விசாரணையும். மற்றப் பத்துப் பேரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போங்கோ, போங்கோ, உள்ளுக்கை போங்கோ..." என்று கையை வீசிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

அடுத்து நின்றவர் நம் கார்த்திக்! மாப்பிள்ளையோடு பேட்மிண்டன் ஆடுபவராம். அவருடைய கார்டில் ஒரே ஒரு பெயர். அதைப் பார்த்து, பட்டியலில் தேடி, காணாமல், இன்னொரு பக்கம் புரட்டி, யாருடைய ஆள் என்று கேட்டு, உள்ளே ஆளனுப்பி விசாரித்து... மனிதருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. ஒருவழியாக உள்ளே விட்டார்கள். கதவுக்கு அப்பால் எங்களுக்காகக் காத்து நின்ற கார்த்திக் புலம்பத் தொடங்கினார்.

"என்னண்ணா இது! பதினோரு பேர் பத்து செகண்ட்ல போயிட்டாங்க. நான் ஒத்த ஆளு, எனக்கு ரெண்டு நிமிஷம். இது என்ன நியாயம்?"

"அவை ஒரே கார்ட் தம்பி. ஒருக்காப் பாத்தால் காணும்தானே? பிறகு வாறவையை என்னத்துக்குப் பாக்கிறது, அப்பிடியே விடவேண்டிய..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ பன்னீர் தெளித்தார்கள். நெற்றியில் வழிந்தது பன்னீரா வியர்வையா என்று எனக்கே தெரியவில்லை.

"கார்த்திக், நீர் எனக்கு எத்தினை சேர்டிபிகேட் தந்தனீர்?"

"ஒண்ணுதான் அண்ணா. நீங்க ஒண்ணுதானே கேட்டீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் முகம் மெதுவாக மாறியது.

"அண்ணா... அறுநூறு பேரையும் அந்த ஒரே சர்டிபிகேட்லயா ரன் பண்ணீங்க?"

"ஒரே கார்டிலை குடும்பமா உள்ளுக்கை போட்டினம் தம்பி," என்றேன்.

புரிகிறதா? செர்வர் முதல் தாதியின் சான்றிதழை மட்டும்தான் ஒழுங்காக விசாரித்திருக்கிறது. அடுத்த ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் அதே சான்றிதழை நீட்டியதும், 'தெரிந்த ஆள்தானே' என்று கையை வீசி உள்ளே விட்டுவிட்டது. அறுநூறு பேருக்கும் ஒரே தாதியின் நோயாளிப் பட்டியலையே காட்டியிருக்கிறது. வேகமாக இருக்காமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை வரப்போவது அறுநூறு கார்த்திக்குகள். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனிக் கார்ட்.

ஒரு நோர்வேக்காரர் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். அவர்கள் கல்யாணத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கார்டில் எத்தனை பேரும் போகலாம் என்பது நமக்கு மட்டும் இயல்பாக வருகிற ஞானம். ஒன்றரை நாள் மல்லுக்கட்டியும் எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை!

உடனே மாரித்தைக் கூப்பிட வேண்டும். கார் பார்க்கிங்குக்குப் போனேன். 'தாராளமாகத் தாங்கும்' என்று எழுதி, அதற்குக் கேக்கும் வெட்டியவன், இப்போது போன் செய்து என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது. சும்மா இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் டேப்லெட்டும், வெட்டி வைத்த பாணும் நினைவுக்கு வந்தன. போனை எடுத்தேன்.

மாரித் மலையில், தன் விடுமுறைக் குடிலில் இருந்தார். பனிச்சறுக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். நான் சுற்றி வளைக்கவில்லை. "தாங்கும் என்று சொன்னேன். உண்மையில் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. என் டெஸ்ட் பிழை" என்றேன்.

பனிச்சறுக்குக் கட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "திங்கட்கிழமை சொல்லாமல் இன்றைக்கே சொன்னாயே, நல்லது. நாளை மாலை நான்கு மணிக்குள் உண்மை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திறப்பதில்லை." நான் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். "பொறு... பின்னால் கேட்கிறதே, அது என்ன வாத்தியம்? அழகாக இருக்கிறது" என்றார்.

நாதஸ்வரத்துக்கு நோர்வேஜியனில் என்ன சொல்வது? நீளமான குழல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வசந்தியிடம் சாப்பாட்டு மேசையில் உண்மையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேக்கும் குடுத்தனீங்களே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "சரி, நாளைக்குள்ளை சரி வருமோ?"

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் வேலை செய்வது ஏறக்குறைய பாவம். கடைகள் பூட்டு, ஊரே பனிச்சறுக்குக் கட்டையோடு காட்டுக்குள். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மட்டும் இரண்டு லேப்டாப்புகள் திறந்திருந்தன. ஒன்பது மணிக்கே கார்த்திக் டி-பான ரயில் பிடித்து வந்துவிட்டார். வசந்தி புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். "அண்ணி, இந்த ஊர்ல சாம்பார்கூட பனி மாதிரி வெள்ளையா இருக்கே!" என்றவர், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

டெஸ்டுக்கென்று அறுநூறு சான்றிதழ்களை கார்த்திக் அரை மணி நேரத்தில் உருவாக்கிவிட்டார். நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒரு வரிக்கு ஒரு தாதி, அவருக்கென்று ஒரு சான்றிதழ், அதற்கென்று ஒரு பாஸ்வேர்ட். இனி ஒருவர் கார்டில் இன்னொருவர் போக முடியாது. பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவராக வருவது போல் கிராஃபில் அழகாகச் சரிவு வைத்தேன்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த வசந்தி, "உது என்ன, உப்பிடி ஒவ்வொருத்தரா ஆறுதலா ஆர் வருகினம்?" என்றாள்.

"அப்ப எப்பிடி வருவியள்?"

"ஏழரைக்குக் காலமைக் கூட்டம் முடியும். எல்லாரும் சார்ஜரிலை இருந்து நெட்பிரெட்டை ஒரேயடியா உருவுவம். ஒரு நிமிசத்துக்குள்ளை எல்லாரும் திறந்திடுவம். எல்லாருக்கும் வெளிக்கிடுற அவசரம்தானே."

நானும் எத்தனையோ கூட்டங்களில் இருந்து பேசியிருக்கிறேன். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை... நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தை அழித்து ஒரு நிமிடம் என்று போட்டேன்.

அமுக்கினேன். நூறு பேர் வரை நிம்மதி. இருநூறில் கோடு தலை தூக்கியது. முந்நூறில் செங்குத்தாக ஏறியது. கதவு திறக்க நாற்பது செக்கன்ட்! பாதித் தாதியர் கதவுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷம்! வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். உடைய வேண்டியது எங்கள் சமையலறையிலேயே உடைந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு கிழவியின் வீட்டில் உடையவில்லை.

காரணத்தை கார்த்திக் பிடித்தார். டேப்லெட் ஏதாவது தொலைந்தால் அதன் சான்றிதழை ரத்துச் செய்துவிடுவார்கள். ஆகவே புதிதாக ஒரு சான்றிதழ் வரும்போதெல்லாம், 'இது ரத்தானதா?' என்று எங்கள் செர்வர் இன்னொரு செர்வரிடம் போய்க் கேட்கும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. ஒரே சான்றிதழ் என்றபோது ஒரு தடவை கேட்டால் போதும். அறுநூறு என்றதும் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

"ரத்தானவங்க லிஸ்டை வாசல்லயே வச்சிடலாம் அண்ணா. மணிக்கொரு தடவை புதுசு பண்ணிக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள போய்க் கேக்க வேண்டாம்," என்றார் கார்த்திக்.

"அப்ப துலைஞ்ச நெட்பிரெட்டைக் கொண்டு கள்ளன் வந்தால்?" என்றாள் வசந்தி.

நல்ல கேள்வி. டெஸ்ட் செர்வரின் வாசலில் பட்டியலை வைத்துவிட்டு, ரத்தான சான்றிதழ் ஒன்றையும் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிப் பார்த்தோம். செர்வர் முகத்திலடித்தது போல் கதவைச் சாத்தியது. எங்கள் மூவருக்கும் ஒரே கொண்டாட்டம். வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்பியதற்காக தமிழர்கள் கைதட்டியது அன்றைக்குத்தான் இருக்கும்.

மீண்டும் அமுக்கினேன். அறுநூறு தாதியர், அறுநூறு சான்றிதழ், ஒரே நிமிடம். ஒவ்வொருவருக்கும் ஒரு செக்கன்டுக்குள் கதவு திறந்தது. நம்பாமல் இன்னும் மூன்று தடவை அமுக்கினேன். மூன்று முறையும் திறந்தது. மூன்றே முக்காலுக்கு மாரித்தைக் கூப்பிட்டேன். எப்படி உடைந்தது, எப்படிச் சரியானது என்று எல்லாவற்றையும் கேட்டார். 'பிரா' என்றார். நல்லது என்று அர்த்தம். கடமையிலிருந்த ஆளைக் கூப்பிட்டு மாலைக்குள் நிஜச் செர்வரிலும் அந்த மாற்றத்தைச் செய்ய வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை. ஏழேகாலுக்கே ஆபீஸில் இருந்தேன். கார்த்திக் எனக்கும் முன்னால் வந்திருந்தார். ஏழு முப்பத்திரண்டு... திரையில் எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறத் தொடங்கியது. வசந்தி சொன்ன அதே ஒரு நிமிடம்! எல்லாம் பச்சை. கார்த்திக் எழுந்து நின்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஆனால் வியாழக்கிழமையும் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது? எனக்குப் பச்சை நிறத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. எட்டரை மணி வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் வசந்திக்குப் போன் போட்டேன்.

"என்னப்பா, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?" பதறிக்கொண்டு எடுத்தாள்.

"இல்லை இல்லை. எப்பிடிப் போகுது?"

"எது?"

"ஆப்! திறந்ததோ?"

"திறந்ததுதானே. ஊசியும் போட்டு, மனுசி சாப்பிட்டு முடிஞ்சு, நான் இப்ப மூண்டாவது வீட்டிலை நிக்கிறன். திறக்காமல் பின்னை என்ன செய்யும்? இதைக் கேக்கவோ எடுத்தனீங்கள்? விசர்க்கதை கதைக்காமல் போனை வையுங்கோ!"

வைத்தேன்.

எட்டரைக்கே மூன்றாவது வீடு! நாங்கள் செய்த வேலை அவளுக்கு நினைவிலேயே இல்லை. நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை. கதவு ஒழுங்காகத் திறந்தால் கதவைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? ஆபீஸ் நடுவில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், மனைவியிடம் திட்டு வாங்கிவிட்டு நான் விசிலடித்தது இதுதான் முதல் தடவை.